கருப்பு வண்டி, கையில் புது மெஷின்: எந்த பேடுக்கு எந்த பாலிஷ்?

கருப்புவெர்னா_அஸ்தம்பட்டி | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். வண்டி கருப்பு வெர்னா, ஆறு வயசு ஆகிறது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைத்து வைத்துவிடுவார். பாவம், அன்பாகத்தான் செய்கிறார், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கம் பெட்ரோல் போட நின்றபோது மேலே எரிந்த எல்இடி வெளிச்சத்தில் பானெட்டைப் பார்த்தேன். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னின மாதிரி கோடு.

போன வருடம் ஒரு கடையில் காசு கொடுத்து ‘ஃபுல் பாலிஷ்’ போட்டிருந்தேன். டெலிவரி எடுத்தபோது முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது. மூன்றாவது வாஷோடு எல்லாக் கோடும் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் சொந்தமாக பாலிஷ் மெஷின் வாங்கினேன். டிஏ (டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே ஆடுகிற ரகம்), 15 மி.மீ. த்ரோ (ஆட்டத்தின் அகலம்), பேட்டை ஒட்டுகிற பேக்கிங் பிளேட் 5 இன்ச்.

இப்போது அதில் மாட்டுகிற பேட் வாங்கப் போனால் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், வெள்ளை, கருப்பு என்று ஹோலிப் பண்டிகை நடக்கிறது. பாட்டிலிலும் காம்பவுண்ட், பாலிஷ், ஃபினிஷிங் என்று மூன்று வகை. என் கையில் இருக்கும் பணத்துக்கு, நல்ல காம்பவுண்ட் ஒன்று, நல்ல பாலிஷ் ஒன்று, இரண்டு பேட் வரும். சரியா? எந்த கம்பெனி காம்பவுண்ட் வாங்கலாம்?

சூரமங்கலம்_பட்டறை | ஞாயிறு, இரவு 10.35

தம்பி, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பாட்டில் ஒன்று, பேட் ஆறு.

பதினோரு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பாட்டிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பேட்டை வெறும் ஸ்பாஞ்ச் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெட்டுகிற துகள் பாலிஷில் இருக்கிறது, உண்மைதான், பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. ஆனால் அந்தத் துகளைப் பிடித்துப் பெயிண்டில் எவ்வளவு அழுத்தமாகத் தேய்ப்பது என்பதை பேட்தான் முடிவு செய்கிறது. ஒரே பாலிஷை மைக்ரோஃபைபர் பேடில் போட்டால் காம்பவுண்ட் மாதிரி வெட்டும், அதாவது பெயிண்டின் மேல் படலத்தைக் கடுமையாகத் தேய்த்து எடுக்கும். மெத்தென்ற ஃபோமில் போட்டால் பளபளப்பு மட்டும் ஏற்றும். ஒரே பாட்டிலில் மூன்று வேலை பார்க்கலாம். ஒரே பேடில் முடியாது.

கலரை நம்பாதீர்கள். இதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. லேக் கண்ட்ரி கம்பெனியில் மஞ்சள் என்றால் நன்றாக வெட்டுகிற கெட்டி பேட். ரூப்ஸில் மஞ்சள் என்றால் ஃபைன், அதாவது மெருகு ஏற்றுவது. ஒரு கம்பெனி வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு கம்பெனி மஞ்சளை வாங்கினால் கதை கந்தல். பெட்டியில் கட்டிங்கா, பாலிஷிங்கா, ஃபினிஷிங்கா என்று படியுங்கள். அப்புறம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே எதிர்த்துத் தள்ளினால் கட்டிங். விரல் மெதுவாக உள்ளே போய் மெதுவாகத் திரும்பினால் ஃபினிஷிங்.

உங்களுக்கு என் பரிந்துரை: நடுத்தர ஃபோம் பேட் நான்கு, மெத்தென்ற ஃபினிஷிங் பேட் இரண்டு, 5½ இன்ச். பிளேட்டைவிட பேட் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் பிளேட்டின் ஓரம் பெயிண்டில் இடிக்காது. பாலிஷ் ஒன்றே ஒன்று, ஃபினிஷிங் ரகம். மெகுயர்ஸ் 205, மென்ஸெர்னா 3500 மாதிரி. முதலில் நடுத்தர பேடும் இந்த பாலிஷும் வைத்து பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கோடு போனால் அதுவே போதும். போகவில்லை என்றால் காம்பவுண்ட் வாங்கிக்கொள்ளலாம், கடை எங்கேயும் ஓடிவிடாது.

அந்தக் கடைக்காரர் போட்டது எண்ணெயும் ஃபில்லரும் கலந்த கிளேஸ். கோட்டை எடுக்காமல் கோட்டுக்குள் நிரப்பி மூடுவது. ஷாம்பூ படப் பட அது கரைந்து போகும், கோடு வெளியே வரும்.

லீபஜார்_லாரிபெயிண்டர் | திங்கள், காலை 6.20

என்னங்க இது, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கிற மாதிரி ஆறு பேட். எங்கள் பட்டறையில் ரோட்டரி மெஷின், கம்பளி பேட் ஒன்று, ரப்பிங் காம்பவுண்ட் டப்பா ஒன்று, அவ்வளவுதான். முழு லாரி கேபினையும் டீ வருவதற்குள் முடித்துவிடுவோம். இந்த டிஏ ஆடிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது.

சூரமங்கலம்_பட்டறை | திங்கள், காலை 7.05

அண்ணா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவே மாட்டேன், உங்கள் வேலைக்கு அது சரி. புதுப் பெயிண்ட் அடித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்ட பாடியில் கம்பளியும் ரோட்டரியும்தான் ராஜா. கம்பளி வேகமாக வெட்டும், ஃபோமைவிட சூடும் குறைவாக ஏறும். ஆனால் அதே ஜோடியைக் கருப்புக் காரில் போட்டுவிட்டு அப்படியே விட்டால், வெயிலில் நிறுத்தும்போது வால் நட்சத்திரம் மாதிரி நீள நீளமாக ஒளி ஓடும். ஹாலோகிராம் என்பது அதுதான். லாரி கேபினை யாரும் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. வெர்னாக்காரர் பார்ப்பார். பெட்ரோல் பங்கில்கூடப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று. ரோட்டரி ஒரே இடத்தில் ஒரே மையத்தில் சுற்றும். ஓரம், மடிப்பு, கதவு விளிம்பு பக்கம் ஒரு நொடி அதிகம் நின்றால் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, போய்விடும். டிஏ சுற்றிக்கொண்டே ஆடுவதால் சூடு ஒரே இடத்தில் சேராது. புதுக் கைக்கு அந்த ஆட்டம்தான் காப்பு.

லீபஜார்_லாரிபெயிண்டர் | திங்கள், காலை 7.12

ஹாலோகிராம் உண்மைதான். நாங்கள் அதற்கு மேலே மெழுகு போட்டு அனுப்பிவிடுவோம். 😀

மாமாங்கம்_மணல் | திங்கள், மதியம் 1.40

நம்ம ஊர்க் கார்களில் இவ்வளவு கோடு விழக் காரணமே வெள்ளைக்கல் சுரங்கத் தூசிதான். எங்கள் ஏரியாவில் ஒரு ராத்திரி நிறுத்தினால் வண்டிக்குத் திருநீறு பூசிய மாதிரி இருக்கும். இதற்குத் தனியாக ஏதாவது பேட் இருக்கிறதா?

கனிமம்_படித்தவன் | திங்கள், மதியம் 2.15

வெள்ளைக்கல்லை இவ்வளவு திட்ட வேண்டாம். அது மேக்னசைட், அதன் கடினம் மோஸ் அளவில் 4 பக்கம்தான். ரோட்டு மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கீறுவது பெரும்பாலும் அதுதான். எந்தத் தூசியானாலும் சும்மா படிந்து கிடந்தால் கீறாது, காய்ந்த துணி அதை இழுத்துக்கொண்டு போகும்போதுதான் கீறும். குற்றவாளி வாட்ச்மேன் அண்ணன் தோளில் கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அந்தச் சிலந்தி வலை உண்மையில் வட்டமே கிடையாது. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கும். விளக்குக்குக் குறுக்காக இருக்கும் கோடு மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும்.

ஜங்ஷன்_பார்க்கிங் | திங்கள், மாலை 6.30

பாலிஷுக்கு முன்னால் செய்ய வேண்டியதை யாருமே சொல்லவில்லையே. நான் தினமும் ஜங்ஷனில் வண்டியை விட்டுவிட்டு ஈரோட்டுக்கு ரயில் ஏறுகிறவன். வெள்ளை வண்டி. துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது, பெயிண்ட் கெட்டுவிட்டது என்று பயந்தேன். தண்டவாளமும் பிரேக்கும் உரசிப் பறக்கிற இரும்புத் தூள் அது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதாக் கலரில் வழிந்து இறங்குகிறது. அதன் பிறகு க்ளே பார், ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கிற களிமண் கட்டி. இதைச் செய்யாமல் பேட்டை வைத்தால் அந்தத் தூளே பேடில் ஏறிக்கொண்டு கோடு போடும்.

போர் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் வெள்ளை வட்டம் விழுமே, அதற்கும் உடனே பாலிஷ் வேண்டாம். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள், உப்பு கரைந்தால் சரி, கழுவிவிடலாம். கரைந்த பிறகும் பள்ளம் தெரிந்தால்தான் மெஷின்.

பழைய800 | திங்கள், இரவு 8.10

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் சிவப்பு மாருதி 800 இருக்கிறது, அப்பா வாங்கியது. மாமரத்தடியில் நின்று நின்று ரோஸ் கலருக்கு வந்துவிட்டது. நேற்று நடுத்தர பேட் போட்டேன். பேட் முழுக்க ரத்தச் சிவப்பு. கை நடுங்கிவிட்டது. பெயிண்ட்டை அறுத்துவிட்டேனா?

சூரமங்கலம்_பட்டறை | திங்கள், இரவு 8.40

பயப்படாதீர்கள் ஐயா. உங்கள் வண்டியில் கிளியர் கோட்டே இல்லை. நிறமே மேல் பூச்சு, சிங்கிள் ஸ்டேஜ். வெளுத்துப்போன மேல் படலம் பேடில் வருகிறது, அடியில் நல்ல சிவப்பு இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளை மெஷினில் செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ரோஸ் போய்ச் சிவப்பு எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பேட் சீக்கிரம் நிறைந்துவிடும், பானெட்டுக்கு மட்டும் இரண்டு பேட் மாற்றுங்கள். அடியில் சாம்பலோ பழுப்போ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், அது பிரைமர்.

வெர்னா தம்பிக்கு: உங்கள் பேடில் கருப்பு வந்தால் இந்தப் பதில் பொருந்தாது. உடனே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயிண்ட் மொத்தமே ஒரு ஜெராக்ஸ் தாள் கனம்தான், 100 மைக்ரான் சுமார், கொஞ்சம் கூடும் குறையும். அதில் கிளியர் கோட் பாதிகூட இருக்காது. கனம் பார்க்கும் கேஜ் மொத்தத்தைக் காட்டுமே தவிர கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். நகம் மாட்டுகிற கீறல் பாலிஷுக்கு வராது. அதன் விளிம்பை மழுக்கினாலே அவ்வளவாகக் கண்ணில் படாது.

கருப்புவெர்னா_அஸ்தம்பட்டி | சனி, மாலை 4.30

இன்று கைவைத்தேன். ரிசல்ட் படுதோல்வி. நடுத்தர ஆரஞ்சு பேட் (பெட்டியில் படித்துத்தான் வாங்கினேன்), ஃபினிஷிங் பாலிஷ், மொட்டை வெயில் இல்லை, போர்ட்டிகோ நிழல். மணி பன்னிரண்டு. பாலிஷ் போட்ட அரை நிமிடத்தில் காய்ந்து மாவு மாதிரி பறந்தது. மூக்கெல்லாம் வெள்ளை. துடைத்தால் துணி வழுக்கவே இல்லை, ஒட்டுகிறது. பாலிஷ் டூப்ளிகேட்டா?

சூரமங்கலம்_பட்டறை | சனி, மாலை 5.05

சேலத்தில், ஏப்ரலில், நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு. டூப்ளிகேட் எல்லாம் இல்லை தம்பி. நிழலில் நின்றாலும் காலையில் ஓட்டிய வண்டி என்றால் இன்ஜின் சூடு பானெட்டில் இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், வசதியாக வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு லீவு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள்.

எவ்வளவு பாலிஷ் போட்டீர்கள்? மெஷின் ஸ்பீடு என்ன?

கருப்புவெர்னா_அஸ்தம்பட்டி | சனி, மாலை 5.20

ஸ்பீடு 6. பாலிஷ் பேட் முழுக்க வட்டமாகப் பிழிந்தேன், ஜிலேபி மாதிரி.

சூரமங்கலம்_பட்டறை | சனி, மாலை 5.45

ஜிலேபி வேண்டாம். புது பேட்டில் முதல் தடவை மட்டும் விரலால் முகம் முழுக்க மெல்லிசாகத் தடவி ஊற விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு, அவ்வளவுதான். பேட்டைப் பெயிண்டில் வைத்த பிறகு ஸ்விட்ச் போடுங்கள், இல்லையென்றால் சுவர், சட்டை எல்லாம் பாலிஷ் அபிஷேகம். ஸ்பீடு 1இல் பரப்பி, 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். கை நகரும் வேகம் நொடிக்கு ஒரு இன்ச். இதைத்தான் யாரும் செய்வதில்லை, வீடு பெருக்குகிற மாதிரி விசிறுகிறார்கள். ஒரு வரிசை பாதி அடுத்த வரிசை மேல் ஏறி வரட்டும். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம், அப்படி நான்கு சுற்று.

பேக்கிங் பிளேட் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுபோய் வெறுமனே நடுங்கினால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. மெஷினின் எடையே முக்கால்வாசி போதும்.

இருபதாவது_வளைவு | சனி, இரவு 7.15

வெர்னா சார், விடியற்காலை ஐந்து மணி எல்லாம் எதற்கு? ஏற்காடு வந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எங்கள் வீடு. 1,500 மீட்டர் உயரம், மதியம் பன்னிரண்டு மணிக்கும் பானெட் சில்லென்று இருக்கும். நான் இங்கே காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன், ஷெட் காலியாக இருக்கிறது. கரண்ட் போய்ப் போய் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை. கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன்னால் வாருங்கள், அப்புறம் ரோட்டில் வண்டி நகராது.

சூரமங்கலம்_பட்டறை | சனி, இரவு 7.40

நல்ல யோசனைதான். ஒன்று கவனியுங்கள்: அங்கே ஈரம் அதிகம். இங்கே அரை நிமிடத்தில் காய்ந்தது அங்கே காயவே காயாது, நீங்கள் இன்னும் வேலை நடக்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். நான்கு சுற்று முடிந்தால் நிறுத்தித் துடைத்துவிடுங்கள். பனி இறங்கிவிட்டால் வேலை வேண்டாம். மலை ஏறி வந்த இன்ஜின் ஆற இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

கருப்புவெர்னா_அஸ்தம்பட்டி | திங்கள், இரவு 9.10

போய் வந்துவிட்டேன். முதலில் நல்ல செய்தி. பானெட்டில் டேப் ஒட்டிய சதுரம், அதே ஆரஞ்சு பேட், அதே பாலிஷ், ஸ்பீடு 4½. ஐபிஏவில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தண்ணீர் கலந்து, பாலிஷ் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். டேப்புக்கு வெளியே வலை, உள்ளே கருங்குளம். வளைவு அண்ணன் எஸ்டேட் ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். காம்பவுண்ட் வாங்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இனிதான் சோகம். என்னிடம் ஆரஞ்சு பேட் நான்கு இருந்தது. பானெட் முடித்து இரண்டைக் கழுவிச் சுவர் மேல் காய வைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு குரங்கு அதில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறது. கமலா ஆரஞ்சு என்று நினைத்திருக்கும். விரட்டினால் பேட்டோடு மரத்தில் ஏறிவிட்டது. இன்னொன்று ஈரம். மீதி இரண்டை வைத்து ரூஃப், நான்கு கதவு, டிக்கி எல்லாம் முடித்தேன். பானெட் அவ்வளவு அருமை, கதவு எல்லாம் லேசாக ஆவி படிந்த மாதிரி மங்கல். டார்ச்சில் பார்த்தால் ஊசி மாதிரி நுண்ணிய கோடு. கடைசிக் கதவில் பேட் வெல்க்ரோவை விட்டுப் பிரிந்து பறந்தது. பாலிஷும் அதேதான், ஸ்பீடும் அதேதான், குளிரும் அதேதான். ஏன்?

சூரமங்கலம்_பட்டறை | திங்கள், இரவு 9.55

நீங்களே பதிலை எழுதிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். பேட் நிறைந்துவிட்டது. அறுத்து எடுத்த கிளியர் கோட் எங்கே போகும்? பேடில்தான். பழைய பாலிஷ், எடுத்த பெயிண்ட் இரண்டும் சேர்ந்து ஃபோமின் துளையை அடைத்துப் பசையாகிவிடும். அதற்கு மேல் போடுகிற புதுப் பாலிஷ் உள்ளே இறங்காது, அந்தப் பசைதான் பெயிண்டில் இழுபடும். சூடும் ஏறும், அந்தச் சூட்டில்தான் வெல்க்ரோ கோந்து இளகிப் பிரிந்தது. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மெஷினை மெதுவாக ஓட விட்டு நைலான் பிரஷ் வைத்து பேட்டைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் இரண்டு பேனலுக்கு ஒரு பேட் என்று கணக்கு வையுங்கள். ஆறு என்று சொன்னபோது ஜவுளிக் கணக்கு என்று சிரித்தார்கள்.

கதவுகளுக்கு மறுபடி ஆரஞ்சு வேண்டாம், பெரிய கோடு ஏற்கெனவே போய்விட்டது. மெத்தென்ற ஃபினிஷிங் பேட், அதே பாலிஷ், ஸ்பீடு 3, அழுத்தமே இல்லாமல் இரண்டு சுற்று. மங்கல் போய்விடும்.

லீபஜார்_லாரிபெயிண்டர் | செவ்வாய், காலை 6.15

சிரித்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். கம்பளிக்கும் இதே கதைதான், காம்பவுண்ட் காய்ந்து கம்பளி சடை பிடித்துவிட்டால் கரகரவென்று கோடு போடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கிளறிவிடுவோம். இப்படித் தனித்தனியாக மாற்றுவது கிடையாது. ஒரு கம்பளி கூடுதலாக வாங்கிப் பார்க்கிறேன்.

கருப்புவெர்னா_அஸ்தம்பட்டி | ஞாயிறு, காலை 8.20

விடியற்காலையில் போர்ட்டிகோவிலேயே கதவுகளை முடித்துவிட்டேன். மங்கல் போய்விட்டது. கதவுக்கு நடுவில் இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் பில்லர் மட்டும் பாக்கி, 5½ இன்ச் பேட் உள்ளே போகவில்லை.

வாட்ச்மேன் அண்ணனுக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஷாம்பூவும் வாங்கிக் கொடுத்தேன், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மட்டும் துடைக்கச் சொன்னேன். புதுத் துணியைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, பழைய துணியோடு வந்து நிற்கிறார்.

சூரமங்கலம்_பட்டறை | ஞாயிறு, காலை 9.00

பில்லருக்கு 3 இன்ச் பிளேட்டும் பேட்டும் தனியாக வாங்குங்கள், அல்லது கையாலேயே போடுங்கள். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, ஒரே இடத்தில் தேங்கும், அதனால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். பம்பருக்கும் இதே கதைதான்.

இருபதாவது_வளைவு | ஞாயிறு, காலை 11.30

வெர்னா சார், உங்கள் ஆரஞ்சு பேட் சில்வர் ஓக் மரத்தடியில் கிடைத்தது. ஒரு ஓரம் மட்டும் கடித்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. துவைத்து பஸ்ஸில் கொடுத்து விடட்டுமா?

சூரமங்கலம்_பட்டறை | ஞாயிறு, காலை 11.42

வேண்டவே வேண்டாம். மண்ணில் விழுந்த பேட்டில் குவார்ட்ஸ் ஏறியிருக்கும், எவ்வளவு துவைத்தாலும் ஒரு மணல் உள்ளே நிற்கும். டயர் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, கேட்டால் குரங்குக்கே கொடுத்துவிடுங்கள்.